ஐப்பசியில் மான் எங்கே போகிறது?

ஐப்பசி பிறந்துவிட்டால் சிவகாசியைச் சுற்றியுள்ள சாலைகளில் எதிரே வரும் லாரிகளை எண்ணி மாளாது. மாதக் கணக்கில் வெயிலில் காய்ந்து, காகிதச் சட்டை போட்டுக்கொண்டு, பெட்டிக்குள் அடங்கிய வெடிகளும் மத்தாப்புகளும் நாலா திசைகளுக்கும் பிரயாணமாகிக் கொண்டிருக்கும். அந்தச் சமயத்தில் வானத்தில் ஒரு மேகம் திரண்டால் போதும், ஊர் முழுவதும் அண்ணாந்து பார்க்கும். கரிசல் காட்டுச் சம்சாரி, "பெய்யட்டும்!" என்பான். பட்டாசுத் தொழிலாளி, "இன்னும் நாலு நாள் பொறுக்கட்டும்!" என்பான். ஒரே மேகத்துக்கு இரண்டு விதமான வரவேற்பு!

அதே மேகம் இன்னும் சில மைல் மேற்கே போய் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளைத் தொடும்போது, அதை வரவேற்க வேறொரு கூட்டம் காத்திருக்கிறது. அந்தக் கூட்டத்தைப் பார்த்து வரலாமென்றுதான் ஓர் ஐப்பசி மாதத்தில் நாமும் நண்பர் ஒருவருமாகச் செண்பகத்தோப்புக்குப் புறப்பட்டோம். நண்பர் அமெரிக்காவில் சில ஆண்டுகள் உத்தியோகம் பார்த்துவிட்டுத் திரும்பியவர். மான் என்றால் அவருக்கு உயிர்.

வனத்துறையினரின் அனுமதி பெற்றுப் போனோம், விடியற்காலையில் நடந்தோம், அந்தி வேளையில் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தோம். அணில் பார்த்தோம், மயில் பார்த்தோம், அட்டைகள் நம்மைப் பார்த்தன. மான் மட்டும் கண்ணில் படவே இல்லை.

மலையடிவாரத்தில் மாந்தோப்புக் காவல் காக்கும் பெரியவர் ஒருவரிடம் நமது குறையைச் சொன்னோம். அவர் சிரித்தார்.

"ஐப்பசி பொறந்தா மான் நடமாட்டம் அடங்கிப் போகும், ஐயா. சித்திரை, வைகாசியிலே வந்திருக்கணும். தண்ணித் தொட்டிக்குக் கூட்டங் கூட்டமா வரும். இப்ப வந்து எங்கே பார்க்கிறது?"

இதைக் கேட்டதும் நண்பர் துள்ளிக் குதித்தார். "அமெரிக்காவிலும் இதையேதான் சொல்லுகிறார்கள்!" என்றார்.

அமெரிக்க வேட்டைக்காரர்களின் வாக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வெள்ளைவால் மான் என்று ஒரு ஜாதி உண்டு. அந்நாட்டின் வட பாகத்தில் அது இணைசேரும் காலம் நவம்பர் மாதம். அப்போது கலைமான்கள் ஊண் உறக்கம் மறந்து பிணைமான்களைத் தேடி ஓடுகின்றன. பகலென்றும் பாராமல் சாலைகளைக் கடக்கின்றன. மோட்டார் வண்டிகள் மான்மீது மோதும் விபத்துகள் அங்கே நவம்பரில்தான் மிகுதி. ஆனால் அதற்குச் சற்று முன்னதாக, அக்டோபர் மாதத்தின் நடுவில், மான்கள் திடீரென்று ஓய்ந்து போய்விடுகின்றன என்பது வேட்டைக்காரர்களின் நெடுநாளைய நம்பிக்கை. 'அக்டோபர் மந்தம்' என்று நாம் அதற்குப் பெயர் சொல்லலாம். பெரிய ஓட்டத்துக்கு முன்னால் கலைமான் படுத்து இளைப்பாறுகிறது என்று அதற்கு விளக்கமும் சொல்லி வந்தார்கள்.

உலகத்தின் இரண்டு மூலைகளில், ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள், ஒரே மாதத்தைப் பற்றி ஒரே வாக்கியத்தைச் சொல்லுகிறார்கள் என்றால், அதில் ஏதோ உண்மை இருக்க வேண்டும் அல்லவா? இருக்கிறது. ஆனால் அது நாம் நினைக்கும் இடத்தில் இல்லை.

விஞ்ஞானிகள் இந்த நம்பிக்கையைச் சோதிக்கப் புறப்பட்டார்கள். மானைப் பிடித்து மயக்கி, அதன் கழுத்தில் ஒரு பட்டையைக் கட்டி விட்டுவிடுவது அவர்கள் கையாண்ட முறை. வானத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களின் உதவியால் அந்தப் பட்டை மான் இருக்குமிடத்தை இரவும் பகலும் குறித்துக்கொண்டே இருக்கும். மான் எங்கே மறைந்தாலும் பட்டைக்கு அது மறைவதில்லை. பென்ஸில்வேனியா ராஜ்யத்திலும் வேறு இடங்களிலும் இவ்விதம் கிடைத்த கணக்கைப் பார்த்தபோது, அக்டோபர் நடுவில் கலைமான்களின் நடை குறைந்ததாகத் தெரியவில்லை. அதற்கு மாறாக, அக்டோபர் தொடங்கி நவம்பர் வரையில் அவை நாளுக்கு நாள் அதிக தூரமே நடந்திருந்தன!

அப்படியானால் வேட்டைக்காரர்கள் சொன்னது பொய்யா? பொய்யல்ல. அவர்கள் மானைக் காணவில்லை என்பது உண்மை. மான் நடக்கவில்லை என்று முடிவு கட்டியதுதான் பிசகு.

காணாமல் போகும் காரணங்கள்

கோடைக்காலத்தில் வெள்ளைவால் கலைமான்கள் நாலைந்து சேர்ந்து, மாலை வேளைகளில் வயல் வெளிகளில் மேய்கின்றன. எல்லார் கண்ணிலும் படுகின்றன. செப்டம்பரில் அவற்றின் கொம்புகள் முற்றி, மேலே போர்த்தியிருந்த மெல்லிய தோல் உரிந்து விழுகிறது. அதுவரையில் தோழர்களாக இருந்தவை இப்போது போட்டிக்காரர்கள். கூட்டம் கலைந்து, ஒவ்வொன்றும் தன் தன் வழியே பிரிகிறது. ஐந்து மான் நின்ற இடத்தில் ஒன்றும் இல்லையென்றால், பார்ப்பவருக்கு மான் குலமே குறைந்துவிட்டதாகத் தோன்றாதா?

அடுத்தது சாப்பாடு. அந்தக் காலத்தில்தான் ஓக் மரங்களின் கொட்டைகள் காட்டுக்குள்ளே உதிர்கின்றன. காலடியில் விருந்து கொட்டிக் கிடக்கும்போது எந்த மான் வெட்டவெளிக்கு வந்து நிற்கும்? மூன்றாவது, குளிர்காலத்துக்கென்று தடித்த ரோமம் அப்போது முளைத்துவிடுகிறது. கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பகல் வெயிலில் யாரும் உலாவ மாட்டார்கள். மானும் நிழலில் படுத்துவிட்டு இரவில் நடக்கிறது. நான்காவது காரணம்தான் வேடிக்கையானது. வேட்டைப் பருவம் தொடங்குவதும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். வேட்டைக்காரர் காட்டுக்குள் காலடி வைத்த மறுகணமே அவருடைய வாடை மானுக்கு எட்டிவிடுகிறது. அது புதருக்குள் நுழைந்துகொள்கிறது. வேட்டைக்காரர் வீட்டுக்குத் திரும்பி, "மான்கள் ஓய்ந்துவிட்டன" என்கிறார். ஓயச் செய்தவர் அவரே!

இவற்றுடன் உடம்புக்குள் நடக்கும் ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். பகற்பொழுது குறுகக் குறுக, மானின் மூளைக்குள் இருக்கும் ஒரு சிறு சுரப்பி இரவின் நீளத்தை அளந்து உடம்புக்குச் சொல்லுகிறது. ஆண்மைக்குரிய சுரப்பு நீர் பெருகுகிறது, கொம்பு கெட்டிப்படுகிறது, கழுத்து பருக்கிறது. சோதனைச் சாலையில் விளக்கை ஏற்றி அணைத்து, பகலின் நீளத்தைச் செயற்கையாக மாற்றியபோது, மானின் கொம்பு முளைப்பதும் உதிர்வதுங்கூட அதற்கேற்ப மாறின. இணைசேரும் காலத்தில் கலைமான் உணவைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறது. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் குறைந்துவிடுவதுண்டு. அந்தச் செலவுக்கு முன்கூட்டியே சேமித்தாக வேண்டும். ஆகவே அதற்கு முந்திய வாரங்களில் நன்றாகத் தின்கிறது. தின்றதைப் படுத்து அசைபோடுகிறது. கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டார் வெளியே அதிகம் தென்படுவதில்லை; அதனால் அவர்கள் சும்மா இருக்கிறார்கள் என்று யாராவது சொல்வார்களா?

நமது மலையில் நடப்பது

இனி நமது மலைக்கு வருவோம். சாம்பல் நிற அணிலைக் காப்பதற்காக 1988-ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதி சரணாலயமாக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டில் அதையும் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். அதன் பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்; தமிழ்நாட்டில் அது ஐந்தாவது, இந்தியாவில் ஐம்பத்தோராவது. வைகை நதிக்கு நீர் தருவதும் இந்த மலைத்தொடரே.

இங்கே வாழும் மான்களில் பெரியது கடமான். நமது தென்பாண்டி ஜனங்கள் அதை மிளா என்று அழைப்பார்கள். தோள் உயரம் நாலடி முதல் ஐந்தடி வரையில். வளர்ந்த கலையின் எடை இருநூறு கிலோவுக்கு மேல். மூன்று மூன்று கிளைகளாகப் பிரியும் கொம்பு. கூட்டத்தை விரும்பாத பிராணி. பெரும்பாலும் இரவில் சஞ்சரிப்பது. கோடைக்காலத்தில் கொம்பை உதிர்த்துவிட்டு, மழைக்காலத்தில் புதுக் கொம்பு வளர்த்து, ஐப்பசி கார்த்திகையில் அதை முற்றச் செய்துகொண்டு, இணை தேடப் புறப்படும். 1960-களில் மத்தியப் பிரதேசத்துக் கான்ஹா காடுகளில் ஆராய்ச்சி செய்த ஜார்ஜ் ஷேலர் என்ற அமெரிக்க விஞ்ஞானி, அங்கே மிளாக்கள் இணைசேரும் உச்சகாலம் நவம்பர், டிசம்பர் மாதங்கள் என்று கண்டார்.

புள்ளிமானின் பஞ்சாங்கம் வேறு. அதே கான்ஹாவில் புள்ளிமான்களுக்குக் கோடைக்காலமே உச்சம். மேலும் அவற்றில் ஒவ்வொரு கலைக்கும் கொம்பு முளைக்கும் காலம் வெவ்வேறாக இருக்கும். ஒரே கூட்டத்தில் முற்றிய கொம்புக்காரரையும், மெல்லிய தோல் போர்த்திய கொம்புக்காரரையும், கொம்பே இல்லாதவரையும் ஒருங்கே காணலாம். ஆகையால், ஐப்பசியில் புள்ளிமான் கண்ணில் படவில்லையென்றால் அதற்கு இணைசேரும் காலத்தைக் காரணம் காட்ட முடியாது.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். பென்ஸில்வேனியாவில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் வித்தியாசம். ஸ்ரீவில்லிபுத்தூரிலோ அந்த வித்தியாசம் ஒரு மணிக்குச் சற்றே அதிகம். சூரியன் என்ற கடிகாரம் அங்கே உரக்க மணி அடிக்கிறது. இங்கே மெல்லக் கிசுகிசுக்கிறது. எனவே நமது காட்டில் காலத்தை நிர்ணயிப்பதில் மழைக்கு ஒரு பெரும் பங்கு உண்டு.

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்ப் பருவம் என்று நம் முன்னோர்கள் வகுத்தார்கள். விருதுநகர்ச் சீமைக்கு மழையைக் கொண்டுவரும் வடகிழக்குப் பருவக்காற்று அப்போதுதான் வீசுகிறது. சித்திரை வைகாசியில் மலையின் கிழக்குச் சரிவு காய்ந்து கருகிக் கிடக்கும். மிஞ்சிய நீர் சில சுனைகளிலும், வனத்துறையினர் கட்டிய தொட்டிகளிலும் மட்டுமே. மான் தாகத்தால் தவித்து அங்கே வந்தாக வேண்டும். அங்கே காத்திருப்பவர் அதைப் பார்த்தாக வேண்டும். ஐப்பசியில் நாலு மழை பெய்த பிறகு பள்ளந்தோறும் தண்ணீர், பாறை இடுக்கெல்லாம் புல், செடியெல்லாம் கொழுந்து. அரை மணி நேரத்தில் வயிறு நிரம்பிவிட்டால், நாலு மைல் நடப்பானேன்? வெளியே வந்து நிற்பானேன்? தழைத்த புதர்கள் பத்தடிக்கு அப்பால் நிற்கும் யானையையே மறைத்துவிடும்போது, மானை மறைப்பது எம்மாத்திரம்?

ஆக, அங்கே ஓக் கொட்டை. இங்கே மழைப் புல். அங்கே வேட்டைக்காரர் வாடை. இங்கே தீபாவளி விடுமுறைக்கு அருவி பார்க்க வருவோரின் ஆரவாரம். காரணங்கள் வேறானாலும் பாடம் ஒன்றே: மான் நின்றுவிடவில்லை, மானுக்கும் நமது கண்ணுக்கும் இடையில் திரை விழுந்திருக்கிறது.

சேற்றில் எழுதிய சாட்சியம்

மறுநாள் காலையில் பெரியவர் நம்மை ஓர் ஓடைக் கரைக்கு அழைத்துச் சென்றார்.

"இங்கன பாருங்க, ஐயா" என்று ஈர மணலைக் காட்டினார். கைம்மண்டை அகலத்துக்கு இரட்டைக் குளம்பின் சுவடு. விளிம்பு இன்னும் உதிரவில்லை. சற்றுத் தள்ளி ஒரு சேற்றுப் பள்ளம்; கனத்த பிராணி ஒன்று அதில் புரண்டு எழுந்த அடையாளம் தெளிவாக இருந்தது. பள்ளத்துக்குப் பக்கத்தில் ஓர் இளமரத்தின் பட்டை, இடுப்பு உயரத்தில் நார் நாராக உரிந்து தொங்கிற்று. கலை மிளா தன் கொம்பைத் தேய்த்த மரம் அது. சேற்றில் புரள்வதும், மரத்தில் கொம்பைத் தேய்ப்பதும், இன்னொரு கலைக்கு 'இது என் இடம்' என்று எழுதி ஒட்டும் விளம்பரங்கள்!

"நேற்று மான் நடமாட்டமே இல்லை என்றீர்களே, பெரியவரே?" என்று கேட்டோம்.

"அடங்கிப் போகும்னு சொன்னேன். இல்லாமப் போகும்னு சொன்னேனா?" என்றார் அவர். "ராத்திரிக்கு வாழைத் தோட்டத்துப் பக்கம் போய்ப் பாருங்க, தெரியும். 'ஐப்பசியிலே மான் வராது'ன்னு காவலை விட்டவன்தான் கையைப் பிசைஞ்சிக்கிட்டு நிப்பான்."

கழுத்துப் பட்டைகளைக் கொண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததை, இந்தப் பெரியவர் சேற்றைக் கொண்டு கண்டுபிடித்து வைத்திருந்தார்!

இதனால் நமக்கு என்ன?

மான் படுத்தால் என்ன, நடந்தால் என்ன என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். 'காணவில்லை' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மறந்தால் விளையும் தீங்கு சிறிதல்ல. கோடையில் தண்ணீர்த் தொட்டியருகே கூட்டமாகப் பார்த்தவர், "மான் பெருகிவிட்டது, பயிரை அழித்துவிடும்" என்கிறார். ஐப்பசியில் காணாதவர், "மான் அற்றுப் போய்விட்டது, இனிக் காடு எதற்கு?" என்கிறார். இருவரும் பருவத்தைப் பார்த்தார்களே ஒழிய, மானைப் பார்க்கவில்லை. புலிக்கு முக்கிய இரை மிளா. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2008-ஆம் ஆண்டிலிருந்து அதை அழிவுக்கு இலக்காகக் கூடிய இனமாகக் கணக்கிட்டிருக்கிறது. மிளா குறைந்தால் புலி காட்டில் தங்காது. அதைப் பற்றிய தப்புக் கணக்கு, காட்டைப் பற்றிய தப்புக் கணக்காகவே முடியும்.

இணைசேரும் காலத்துக்கு முந்திய இந்த வாரங்கள் மானுக்குச் சேமிப்பு வாரங்கள் என்று சொன்னோம். அந்தச் சமயத்தில் வெருட்டி ஓடச் செய்தால், சேமித்த கொழுப்பு ஓட்டத்தில் கரைந்து போகிறது. சினைக்காலம் ஏறத்தாழ எட்டு மாதம்; ஈனுவது பெரும்பாலும் ஒரே குட்டி. அத்தகைய பிராணிக்கு ஒரு பருவம் வீணாவது பெரிய நஷ்டம். நம் நாட்டில் அந்த வாரங்களிலேயே தீபாவளியும் வந்து சேருகிறது.

சிவகாசியின் மீது குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை. மழை பொய்த்த மண்ணில், 1920-களில் தீப்பெட்டித் தொழிலை ஊன்றி, பிறகு பட்டாசுத் தொழிலையும் வளர்த்து, இன்று நாட்டின் பட்டாசில் மிகப் பெரும் பகுதியைச் செய்து கொடுக்கும் ஊர் அது. லட்சக்கணக்கான குடும்பங்களில் அடுப்பு எரிவது அதனால். ஆனால் வெடி எங்கே வெடிக்கிறது என்பது வாங்குகிறவர் பொறுப்பு. ஹாலந்து தேசத்தில் புத்தாண்டு இரவில் வாணம் விட்டவுடன் ஆயிரக்கணக்கான பறவைகள் இருட்டில் பதறி எழுந்து வெகு உயரம் பறந்ததை ராடார் கருவியால் கண்டு, 2011-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். பறவைக்காவது இறக்கை உண்டு. அடிவாரத்தில் படுத்திருக்கும் மான் இருட்டில் எங்கே ஓடும்? மேலே செங்குத்துப் பாறை. கீழே மோட்டார் சாலை.

இன்னும் கொடியது ஒன்று உண்டு. வெடிமருந்தைக் காயிலோ மாவிலோ பொதிந்து, காட்டுப் பன்றிக்கென்று வைக்கும் 'அவுட்டுக்காய்' என்னும் பாதகம்தான் அது. பன்றிக்கு வைத்ததை மான் கடிக்கலாம், யானையும் கடிக்கலாம். 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளத்துப் பாலக்காட்டு ஜில்லாவில், வெடி பொதிந்த காயைக் கடித்து வாய் சிதைந்த சினை யானை ஒன்று ஆற்று நீரில் நின்றபடியே உயிர்விட்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குழந்தைகள் கைதட்டிச் சிரிப்பதற்காகச் செய்த மருந்து இந்த வேலைக்குப் போவதைவிட, அந்தத் தொழிலுக்கு வேறு அவமானம் வேண்டுமா?

மாறான உதாரணமும் அருகிலேயே இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி கிராமத்தார், கண்மாயில் கூடு கட்டிய பறவைகள் கலைந்து போய்விடுமே என்று பல்லாண்டுகளாகத் தீபாவளியன்று வெடி வெடிப்பதில்லை. அதற்காக வனத்துறையினர் அவர்களுக்கு மிட்டாய் வழங்குவதும் வழக்கம். அந்த ஊர்க் குழந்தைகளுக்குத் தீபாவளி இல்லாமலா போய்விட்டது? புதுச் சட்டை இருக்கிறது, பலகாரம் இருக்கிறது, தலைக்கு மேலே பறவைக் கூட்டமும் இருக்கிறது.

மலையடிவாரத்துத் தோப்புகளிலும் கோயில்களிலும் தீபாவளி கொண்டாடுவோர் இதையே ஒரு வழக்கமாக்கிக்கொள்ளலாம். வாணமும் வெடியும் ஊருக்குள் இருக்கட்டும். காட்டு விளிம்பில் விளக்கு மட்டும் எரியட்டும். அந்தி நேரத்தில் அந்தச் சாலைகளில் வண்டி ஓட்டுவோர் சற்று நிதானித்துச் செல்லட்டும். மலையில் மானைக் காணாமல் திரும்புகிறவர், 'இங்கே ஒன்றுமில்லை' என்று கூச்சலிட்டுச் சிரிக்காமல் மெல்ல நடந்து திரும்பட்டும்.

நாம் புறப்பட்ட அன்று அந்தி மயங்கும் வேளை. தூறல் விழத் தொடங்கியிருந்தது. கிழக்கே, அடிவாரத்துக் கிராமம் ஒன்றில், தீபாவளி வரையில் பொறுக்க முடியாத பையன் எவனோ ஒரு வெடியைப் பற்றவைத்துவிட்டான். சத்தம் மலையில் மோதி எதிரொலித்தது. அடுத்த கணம், மேலே புதர்களுக்குள்ளிருந்து, கண்டாமணியை ஒரே அடி அடித்தாற்போல மிளாவின் எச்சரிக்கைக் குரல் எழுந்தது. இரண்டு நாளாக நாம் நடந்து போய் வந்த பாதையிலிருந்து ஐம்பது கஜ தூரங்கூட இராது!

பெரியவர் நம்மைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நண்பர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். ஓசைப்படாமல் இறங்கி வந்தோம்.